கனடா படத்துக்கு நான் சொன்ன கதை

எனக்கு மன்னிக்கத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, எனக்கு இது வராது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் நிறைய. பூமியை அவர்களே ஆண்டுகொள்ளட்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஃபைலில் இருந்த ஒரே ஒரு வார்த்தையை அடிப்பதுதான்.

என் அப்பா ஐம்பதுகளில் பரமக்குடிப் பக்கத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பல் ஏறியவர். லாங் ஐலண்டுக்கும் தள்ளி ஒரு சின்னத் தீவில் மரம் அறுக்கும் மில் ஒன்று இருந்தது. தீவின் பெயரையும் மில்லின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அங்கே வட்ட ரம்பம் ஓட்டுவது அப்பாவின் வேலை. யானைகள் இழுத்துக்கொண்டு வந்து போடும் படாக் மரத்தைப் பலகையாக அறுத்துத் தள்ளுவார். அம்மாவும் அவரும் மில் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். நான் போர்ட் பிளேரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதினைந்து வயது நடந்தபோது அப்பா அந்த ரம்பத்தின் மேல் விழுந்து செத்தார்.

நடந்தது இதுதான். மரம் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போகவேண்டிய கப்பல் வந்து நின்றுவிட்டது. பலகை பாதிகூட அறுபடவில்லை. ரம்பத்தின் மேல் ஆளைக் காப்பாற்ற ஓர் இரும்பு மூடி உண்டு. பருத்த கட்டைகள் அதில் தட்டிக்கொண்டு நிற்கும். மூடியைக் கழற்றிவிட்டால் வேலை சரசரவென்று ஓடும். கழற்றச் சொன்னவர் மில் சூபர்வைசர். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கட்டை துள்ளியது, அப்பா முன்னால் சாய்ந்தார், மூடி இருக்கவேண்டிய இடத்தில் ரம்பத்தின் பல் இருந்தது. அப்பாவுடன் நின்று வேலை செய்த ஒருவர் இதையெல்லாம் அடக்கத்தன்று அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னார். ஒரு வாரம் கழித்து, "அக்கா, நான் ஒண்ணும் பாக்கல. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

சூபர்வைசர் கெட்ட மனிதர் என்று பெயர் எடுத்தவர் அல்ல. சந்தனப் பொட்டு, வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்தார். குழந்தை மாதிரி அழுதார். பிறகு அறைக்குப் போய் ரிப்போர்ட் எழுதினார். வயதுக்கு மரியாதை கொடுத்து அவர் இவர் என்றே எழுதுகிறேன். அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த ரிப்போர்ட்டின் நகல் தபாலில் வந்தபோது ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் நான்தான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். ஒரு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. போர்ட் பிளேருக்குத் திரும்பியதும் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்டேன். "குடிபோதையில் இருந்த" என்று சொன்னார். எதற்குக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடிபோதையில் இருந்த தொழிலாளி தானே ரம்பத்தின் மேல் விழுந்தார் என்பதுதான் அந்த வாக்கியம்.

என் அப்பாவுக்குச் சாராய வாடையே ஆகாது. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவருக்கு இந்தப் பெயர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். போர்ட் பிளேர் பக்கம் சௌல்தாரியில் தூரத்து உறவுக்காரர் ஒருவருக்குக் கொஞ்சம் பாக்குத் தோப்பும் வயலும் இருந்தன. அங்கே ஒரு ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு அம்மா களையெடுக்கப் போனாள். குழாயடியில் சண்டை வந்தால் முதலில் வந்து விழும் வார்த்தை "குடிகாரன் பொண்டாட்டி" என்பதுதான். அம்மா அதற்குப் பதில் சொல்ல மாட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். நான் பதில் சொல்வேன். அதனால் எனக்கு அந்த ஊரில் சிநேகிதிகள் கிடையாது.

ஒன்பது வருஷம் போயிற்று. கறந்த பால் மடி புகாது, போனதை விடு என்றார்கள். விடவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டும் அலுவலகம் அது. புரொஜெக்டர், ஜெனரேட்டர், ஒரு மைக், படம் ஓட்ட ஒரு வங்காளி ஆபரேட்டர். அவரை எல்லோரும் வங்காளி வழக்கப்படி அண்ணன் என்கிற அர்த்தத்தில் தாதா என்று கூப்பிடுவோம். காட்டுகிற படமெல்லாம் சர்க்கார் சமாசாரம்தான். அணை கட்டுவது, அம்மை குத்துவது, உரம் போடுவது. கூட்டத்தில் வங்காளி இருப்பான், தெலுங்கன் இருப்பான், மலையாளி இருப்பான், ராஞ்சியிலிருந்து வந்த கூலிக்காரர்கள் இருப்பார்கள். படம் பேசுகிற பாஷை யாருக்கும் புரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, என்ன நடக்கிறது என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வருவார். தமிழ் ஆட்கள் அதிகம் இருந்தால் தமிழிலும் சொல்வார். படத்தின் சத்தத்தைத் தாதா குறைத்து வைத்துவிடுவார். ஜனங்கள் படத்தைப் பார்ப்பார்கள், கதையை மைக்கில் கேட்பார்கள். மைக்குக்காரர் சொன்னதுதான் படம்.

அந்த மைக்குக்காரர் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனார். ஆங்கிலமும் ஹிந்தியும் தமிழும் ஒரே வாயில் இருந்தது அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான். பொம்பளையை எப்படித் தீவுக்குத் தீவு அனுப்புவது என்று ஒரு மாதம் யோசித்துவிட்டு, வேறு வழியில்லாமல் என்னை அனுப்பினார்கள். போகிற இடத்தில் பள்ளிக்கூட டீச்சர் வீட்டில் தங்கிக்கொள்வேன்.

அப்போதுதான் கல்கத்தாக் கப்பலில் கனடா படச்சுருள் பெட்டிகள் வந்தன. கனடாவில் டெலிவிஷன் என்ற ஒன்றில் வாராவாரம் வந்த நாடகமாம். அந்தத் தேசம் டில்லிக்குக் கொடுத்தது, டில்லி பார்த்துவிட்டுக் கல்கத்தாவுக்குத் தள்ளியது, கல்கத்தா எங்கள் தலையில் கட்டியது. டெலிவிஷனை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கூட வந்த காகிதத்தில், இதுவரை யாரும் தொடத் துணியாத சமூகப் பிரச்சினைகளை இந்த நாடகம் எடுத்துப் பேசியது, அந்த ஊரிலேயே இதைப் பார்த்துப் பலர் கொதித்துப் போனார்கள் என்று எழுதியிருந்தது.

உண்மையாகவே புதுமாதிரியாக இருந்தது. பட்டணத்து ஆபீஸ் ஒன்றில் ஜனங்களின் புகாரை வாங்குகிற அதிகாரி ஒருவர். ஒவ்வொரு வாரமும் ஒரு புகார். ஒழுகுகிற வீட்டுக்கு வாடகை வாங்குகிற பணக்காரன். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்குகிற மடம். அந்த மண்ணின் பழங்குடி ஆளுக்குச் சாப்பாடு போட மாட்டேன் என்கிற ஓட்டல். அதிகாரி அலைவார், விசாரிப்பார், எது உண்மை என்று கண்டுபிடிப்பார். ஆனால் கடைசியில் நியாயம் கிடைக்காது. அப்படியே முடிந்துவிடும். நம்முடைய நாடகமென்றால் கெட்டவன் காலில் விழுவான், இல்லாவிட்டால் மின்னல் வந்து அடிக்கும். இதில் ஒன்றும் அடிக்காது.

முதலில் ஒழுகுகிற வீட்டுப் படத்தைப் போட்டோம். வெள்ளைக்காரன் வீடும் ஒழுகுமா என்று ஜனங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, "பகவான் சப்கோ ஏக் ஹி மாஃபிக் பனாயா" என்றார். கடவுள் எல்லோரையும் ஒரே மாதிரிதான் படைத்திருக்கிறான் என்று அவருக்கு அப்படி ஒரு திருப்தி. பனி பெய்வதைப் பார்த்து இத்தனை உப்பு எதற்கு என்று கேட்டார்கள். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தார்கள். இதெல்லாம் நிஜமாக நடந்தது என்று நம்பினார்கள். எங்கள் திரையில் அதுவரை கதைப் படமே ஓடியதில்லை. அணையும் அம்மைக்குத்தும் நிஜம் என்றால் இதுவும் நிஜம்தானே? நாடகம், நடிக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "சர்க்கார் எதுக்கு பொய்ப் படம் காட்டுது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். இரண்டு ஊருக்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

மீதிப் பெட்டிகளை ஒரு நாள் அலுவலக இருட்டறையில் ஓட்டிப் பார்த்தோம். நான்காவது பெட்டியில் மரம் அறுக்கும் மில் வந்தது.

ஒரு தொழிலாளி ரம்பத்தில் மாட்டிச் சாகிறான். குடித்திருந்தான் என்று முதலாளியின் ஆள் எழுதிக் கொடுக்கிறான். பெண்டாட்டி புகார் ஆபீஸுக்கு வருகிறாள். அதிகாரி மில்லுக்குப் போகிறார். கூட வேலை செய்தவர்கள் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

 மறுபடி போடச் சொன்னேன். தாதா போட்டார். இன்னொரு தடவை என்றேன். "ஃபிர் சே? க்யா ஹுவா பேட்டி?" என்று கேட்டார். என்னம்மா ஆச்சு என்று அவர் கேட்ட விதத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கொட்டவில்லை. கதை மனப்பாடம் ஆகவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

எந்தத் தீவில் எந்த நாள் படம் என்கிற டூர் புரோகிராமை டைப் அடிப்பது என் வேலை. அந்தச் சின்னத் தீவுக்கு எங்கள் யூனிட் போனதே இல்லை. அடுத்த மாதத்து புரோகிராமில் லாங் ஐலண்டுக்கும் ரங்கத்துக்கும் நடுவில் அதன் பெயரைச் சேர்த்து அடித்தேன். அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு சௌல்தாரிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் இன்னும் அங்கனதான் இருக்கானா?"

"இருக்காராம்."

கையிலிருந்த பாக்கை உரித்து முடித்தாள். பிறகு சொன்னாள். "பாத்தா கேளுத்தா. சண்டை போடாத. பணங்காசு ஒண்ணும் வேணாம்னு சொல்லு. ஒங்கப்பா குடிக்கலன்னு ஒரு காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லு. நான் கண்ண மூடுறதுக்குள்ள அந்த வார்த்தைய அடிச்சிறணும். எனக்கு அது போதும்."

"கேக்குறேன்மா" என்றேன்.

மோட்டார் லாஞ்சில் புரொஜெக்டரையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். மில் ஓடிக்கொண்டிருந்தது. ரம்பத்தின் சத்தம் படகு அணைகிற ஜெட்டி வரைக்கும் கேட்டது. சூபர்வைசரே வந்து வரவேற்றார். தலை நரைத்திருந்தது, பொட்டு அப்படியே. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அடக்கத்தன்று ஒரு மூலையில் பாவாடையும் தாவணியுமாக உட்கார்ந்திருந்த பெண்ணை அவர் எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்? "வாங்கம்மா, தமிழ்ப் பொண்ணா? ரொம்ப சந்தோஷம். நம்ம ஆளுங்க நெறைய பேரு இங்க இருக்காங்க" என்றார். மில் மைதானத்தில் திரை கட்டினோம். முன்னால் ஒரே ஒரு வரிசை நாற்காலி. நடுவில் அவர் உட்கார்ந்தார்.

அன்றைக்கு நான் படத்தில் உள்ளபடி சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூடியைக் கழற்றுகிற காட்சி அதிலும் இருந்தது. குடித்திருந்தான் என்று எழுதுகிற காட்சியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அந்த முகம் இடிந்து விழும் என்று ஒன்பது வருஷமாகக் காத்திருந்தவள் நான்.

அவர் அழுதார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது. படம் முடிந்ததும் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"மனசு ஆறலம்மா" என்றார். "இப்பிடியும் மனுசங்க இருக்காங்களே! செத்தவன் மேல பழி போடுறானே பாவி, அவன் வெளங்குவானா? நல்லா சொன்னீங்க. நாளைக்கும் இதையே போடுங்க. இன்னிக்கி ஷிஃப்ட்ல இருந்தவங்க பாக்கல, அவங்களும் பாக்கட்டும்."

எங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தனுப்பினார்.

என் வாழ்க்கையில் எனக்கு வந்த கோபங்களிலேயே பெரிய கோபம் அதுதான். அப்பா செத்தபோது வந்ததுகூட இதற்குப் பக்கத்தில் நிற்காது. அவர் நடித்திருந்தால் பொறுத்திருப்பேன். அந்த ஆள் நடிக்கவில்லை. தன் கையால் எழுதியதை மனிதர் மறந்தே போயிருந்தார். கனடாக்காரனுக்காக உருகுகிறார். என் அப்பாவுக்காகவும் இதே மாதிரிதான் உருகினார், உருகிவிட்டுப் போய் எழுதினார். அந்தக் கண்ணீருக்கு ஒரு விலையும் கிடையாது என்று எனக்கு அப்போது புரிந்தது. டீயைக் கீழே கொட்டினேன். பிஸ்கட்டைத் தாதா சாப்பிட்டார்.

அம்மா சொன்ன மாதிரி அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். அழுத ஈரம் காயவில்லை, அன்றைக்கே கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பாரோ என்னவோ. எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியது வேறு.

மறுநாள் சாயங்காலம் கூட்டம் இரண்டு மடங்கு. அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். படம் ஆரம்பித்தது. மில் வந்தது, மூடி கழன்றது, ஆள் விழுந்தான். நான் ஹிந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். பெண்டாட்டி ரிப்போர்ட்டைப் படிக்கிற காட்சி வந்ததும் மைக்கை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோனேன்.

"இந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியும், தானே படிச்சுக்கிட்டா. எங்கம்மாவுக்குத் தெரியாது. நான் படிச்சுச் சொன்னேன். இதே மில்லுல, ஒம்பது வருஷத்துக்கு முன்னால, இதே மாதிரி மூடியைக் கழட்டி வச்சு ஓட்டினப்ப ஒருத்தர் செத்தார். குடிச்சிருந்தார்னு எழுதினாங்க. உங்கள்ள அவரைத் தெரிஞ்சவங்க இருக்கீங்க. அவர் குடிச்சு யாராவது பாத்ததுண்டா? அவர் என் அப்பா. எழுதினவர் முன்னால நாற்காலியில உக்காந்திருக்கார்."

பிறகு அதையே ஹிந்தியில் சொன்னேன். ஹிந்தியில் சொன்னபோது குரல் நடுங்கவில்லை.

 தாதா படத்தை நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அவருக்கும் கொஞ்சம் பித்தம் உண்டு. அதன் பிறகு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிக் காட்சி ஓடியது. ரிப்போர்ட் எழுதினவன் வீட்டில் மேஜையில் உட்கார்ந்து பெண்டாட்டி பிள்ளைகளுடன் சாப்பிடுகிறான். இன்னும் கொஞ்சம் கிழங்கு போடச் சொல்கிறான். சிரித்துக்கொண்டு தின்கிறான். அவ்வளவுதான், படம் முடிந்தது. அங்கே மின்னல் அடிக்கவில்லை என்றேன் அல்லவா, இங்கேயும் அடிக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியை ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். எழுந்து போனால் ஒப்புக்கொண்டதாகும் என்று அவருக்குத் தெரியும். படம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தார். சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது.

யாரும் அவரை அடிக்கவில்லை, ஒரு கல்லும் விழவில்லை. மறுநாள் காலையில் மில் கேன்டீனில் டீ குடிக்க வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய் நின்று குடித்தார்கள். ராஞ்சிக்காரர்கள் முதலில் எழுந்தார்கள், நம்மவர்கள் பிறகு. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு என்று சொன்னவரும் இருந்தார். அவர் என் பக்கம் திரும்பாமல், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, "மூடிய நான்தான் கழட்டினேன். அவுரு சொல்லிக் கழட்டினேன்" என்றார்.

மனசு நிறைந்ததா என்று கேட்டால், நிறைந்தது. பொய் சொல்வானேன்? ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மத்தியானம் லாஞ்சுக்காக ஜெட்டியில் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தோம். அடுத்த ஊர் ரங்கத். அவர் தனியாக நடந்து வந்தார். பொட்டு இல்லை. தாதாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கும்பிட்டார்.

"பாப்பா, நீ அவரு மகளா? எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்சிருந்தா?"

 சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். கையில் கொடுக்கவில்லை. படிக்க முடிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் அது படபடத்தது. நான் படித்தேன். ரம்பத்தின் காப்பு மூடி என் உத்தரவின் பேரில் கழற்றப்பட்டிருந்தது, இறந்தவர் மது அருந்தியிருக்கவில்லை, என் முந்தைய அறிக்கை தவறானது. கீழே கையெழுத்து. அம்மா கேட்டதைவிட அதிகமாகவே இருந்தது.

"ராத்திரி பூரா ஒக்காந்து எழுதினேன். நீங்க டூர் முடிச்சுத் திரும்பறப்ப நானே போர்ட் பிளேருக்கு வந்து ஒங்கம்மா கையில குடுத்துடறேன். ஆபீஸ்லயும் குடுக்கறேன். வேலை போனாப் போவட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும். ரங்கத்துல இதச் சொல்லாத. என் மகளுக்கு அங்கதான் சம்பந்தம் பேசி முடிச்சிருக்கோம். தையில கல்யாணம். படத்தப் போடு, இருக்கற மாதிரி சொல்லு, வேணாங்கல. எம் பேரு மட்டும் வேணாம். அந்தப் பொண்ணு என்னம்மா பண்ணுச்சு?"

நியாயமான கேள்வி. அந்தப் பெண் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பதினைந்து வயதில் நான் அவருக்கு என்ன செய்திருந்தேன்?

சரி என்று தலையாட்டிவிட்டு ரங்கத்தில் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சொன்னால் காகிதம் வராது, அவர் ஒன்றும் குழந்தை இல்லை. இரண்டில் ஒன்றுதான். ஒரு பக்கம் அப்பாவின் பெயர், இன்னொரு பக்கம் இவருடைய பெயர். லாஞ்சு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். யோசிக்கவில்லை.

"நாளைக்கு ரங்கத்துல பெரிய மைதானம். நெறைய கூட்டம் வரும்" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை, கெஞ்சவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ரங்கத்தில் சொன்னேன். மாயாபந்தரில் சொன்னேன். திக்லிபூரில் மழை தூறிக்கொண்டிருந்தபோதும் திரையைக் கட்டிச் சொன்னேன். அந்த நாடகத்தை எழுதிய கனடாக்காரருக்குத் தன் கதையில் எங்கள் தீவு மில்காரர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிய வழியில்லை. எங்கள் ஜனங்களோ அதெல்லாம் படத்திலேயே இருப்பதாக நம்பினார்கள். இந்த ஆளின் அக்கிரமம் கனடா வரைக்கும் தெரிந்துபோய் அவர்களே படம் பிடித்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஒரு மகஜருக்கு இல்லாத மரியாதை வெள்ளைத் திரைக்கு இருந்தது.

சம்பந்தம் நின்றுவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மெட்ராஸ் கப்பலில் ஏறினார். போர்ட் பிளேர் ஹாடோ துறைமுகத்தில் நான் போய் நின்று பார்த்தேன். அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள், கையில் ஒரு டிரங்குப் பெட்டி. அவள் யாரையும் பார்க்காமல் படியேறினாள். அவரும் என்னைப் பார்க்கவில்லை. காகிதம் அவர் பையில் இருந்ததா, அதை அவர் கடலில் போட்டாரா, எனக்குத் தெரியாது.

டூர் முடிந்து சௌல்தாரிக்குப் போனபோது எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. குழாயடியில் அம்மாவுக்கு முதலில் தண்ணீர் பிடிக்க வழி விட்டார்களாம். அம்மா என்னை உட்கார வைத்துச் சோறு போட்டாள். மீன் குழம்பு. நான் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவிவிட்டு வந்ததும் கேட்டாள்.

"ஊரெல்லாம் சொன்னியாம்ல. சரி, அது கெடக்கட்டும். நான் சொன்னத அவன்ட்ட கேட்டியா? எழுதித் தர்றேன்னானா?"

"கேட்டேன்மா" என்றேன். "தர மாட்டேன்னுட்டான்."

அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அவன் வம்சம் விளங்காது என்றாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்தாள். ஃபைலில் அந்த வார்த்தை அப்படியே இருந்தது, இப்போதும் இருக்கிறது. முதலில் அதை எழுதியவர் அவர். சாகிற வருஷம்கூட அம்மா, "ஒரு வரி எழுதித் தர மாட்டேன்னுட்டானே பாவி" என்று அவரைத் திட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம்மா, பாவிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.